தாரைத் தொடாத வாரம்

தண்ணீர்த் தொட்டி ஒழுகாதவர்களுக்குப் பூச்சுக்காரரைத் தெரியாது. ஒழுகியவர்கள் அவரை மறக்கமாட்டார்கள். வேலை முடிவதற்குள் அவ்வளவு திட்டு வாங்கியிருப்பார்கள். தொட்டிக்குள் இறங்கிப் பழைய உள்பூச்சைச் சுரண்டிக்கொண்டே, மேலிருந்து எட்டிப்பார்க்கும் வீட்டுக்காரரைப் பிடிபிடியென்று பிடிப்பார்: "முதல் சொட்டு விழுந்தப்பவே சொல்றதுக்கென்ன?"

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "சின்ன ஒழுகல்தானேன்னு விட்டுட்டேன்." வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் நடித்துக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

நாளெல்லாம் குனிந்தே கிடக்கிறவருக்கு முதுகு சும்மா இருக்குமா? கடையில் வாங்கிய வலி மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் காபியோடு உள்ளே தள்ளுவார். மதியம் இன்னொன்று. முதுகு அடங்கியது, வயிறு ஆரம்பித்தது. அதற்கும் அதே மாத்திரையைப் போட்டார். வலி மாத்திரை என்றுதானே சொல்கிறார்கள், முதுகுக்கு மட்டும் என்றா சொன்னார்கள் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலைக்கு விடமாட்டாள்.

ஒருநாள் காலை கழிவறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"இதைக் கேளு. ரெண்டு நாளா தார் மாதிரி கறுப்பாப் போகுது. தொட்டிக்கு வெளிப்பக்கம் தார் அடிக்கிறேன்ல, வாய்க்குள்ளயும் கொஞ்சம் போயிருச்சு போல."

மனைவி துவைக்க எடுத்த அவருடைய வேலைச் சட்டைகளைப் புரட்டிப் பார்த்தாள். தார்க்கறையோடு மல்லுக்கட்டுகிறவள் அவள்தான். எல்லாவற்றிலும் சிமெண்ட் மட்டும்தான் ஒட்டியிருந்தது.

"இந்த வாரம் நீங்க தாரையே தொடலையேங்க."

அவர் சிரிப்பு நின்றது. செருப்பு மாட்டக்கூட விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வயிற்று வலியையும் மாத்திரைக் கதையையும் அவர் வாயிலிருந்து பிடுங்கி, வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "வயித்துல புண்ணு. ரத்தம் கசிஞ்சுதான் கறுப்பாப் போயிருக்கு. இப்ப நிறுத்திட்டோம்" என்றார். "உங்க வயித்துக்குள்ளயும் ஒரு பூச்சு இருக்கு. உள்ள சுரக்கிற அமிலம் வயித்தையே அரிக்காம அதுதான் காப்பாத்துது. உடம்புல வலியைக் கிளப்புற சரக்கை மாத்திரை சுரக்கவிடாது, சரி. ஆனா அந்தப் பூச்சைப் பராமரிக்கிற சரக்கும் அதே வகைதான். ரெண்டையும் சேர்த்து நிறுத்திடும்."

"அப்ப ஊசியாப் போட்டுக்கவா? வயித்துப் பக்கமே போகாதே."

"ரத்தத்துல கலந்து அங்கயும்தான் வரும். என்னைக் கேக்காம இனி ஒண்ணும் கூடாது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே தேறியிருக்க மாட்டீங்க." புண் ஆற வேறு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. குழாய் விட்டபோதுகூடப் பயப்படாதவர், அதைப் பார்த்துப் பயந்துபோனார்.

"முதல் சொட்டு விழுந்தப்பவே சொல்றதுக்கென்னங்க?" என்றாள்.

பூச்சுக்காரர் என்னென்னவோ யோசித்தார்.

"சின்ன ஒழுகல்தானேன்னு விட்டுட்டேன்."