சொல்லி வைத்திருக்கிறேன்

பிச்சமுத்து சாயங்காலம் காபி கிளப்பிலிருந்து திரும்பியதும், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொல்வார்: "உன் விஷயமா நாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"சரிங்க மாமா" என்பாள் அடுப்படியிலிருந்து வள்ளிக்கண்ணு.

அவள் உப்பிலியபுரத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு ஏதாவது ஓர் ஆபீஸில் சேரட்டும் என்று அம்மா வேலம்மாள் திருச்சியில் இருந்த தன் தம்பி பிச்சமுத்துவின் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் வீடு. பிச்சமுத்து ஜவுளி மொத்தக் கடையில் கணக்கெழுதினார். அத்தை காளியாயிக்கு மூட்டு வலி. அதனால் தண்ணீர் இறைப்பது, சமைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் வள்ளிக்கண்ணு தலையில் விழுந்தன. மாமாவின் மகன் மருதை பரீட்சையில் தவறியவன். அவள் போடும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வெளியே போய்விடுவான்.

டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறி ஒரு வருஷம் ஓடிவிட்டது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்தும் எதுவும் வரவில்லை. அது அறுபத்திரண்டாம் வருஷம். சின்ன ஆபீஸ்களுக்கு ஆள் எடுப்பதெல்லாம் பேப்பரில் வராது. காபி குடிக்கும்போது ஒருவர் "ஓர் ஆள் வேணுமே" என்பார். பக்கத்திலிருப்பவர் "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்" என்பார். மறுநாள் அந்தப் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பெரிய கடைவீதி காபி கிளப்பில் மாமா உட்காரும் மேஜை அப்படிப்பட்ட மேஜை. வள்ளிக்கண்ணு அங்கே போய் உட்கார முடியாது. பெண்கள் வந்தால் பின்புறத் தடுப்பறையில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் மாமாவின் வாயை நம்பியே இருந்தாள்.

விரல் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒரு நாள் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாள். அங்கே கற்றுக்கொடுக்கும் டோரதி டீச்சர் அவளைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏம்மா, லாரி ஆபீஸ் ஜமால் கேட்டதுக்கு வேணாம்னுட்டியாமே?"

"யாருங்க டீச்சர் ஜமால்? என்னை யாரும் கேக்கலையே."

"டைப் அடிக்க ஆள் வேணும்னு இங்க வந்தாரு. உன் பேரைத்தான் சொன்னேன். அதுக்கு அவரு, பிச்சமுத்துவோட அக்கா மகதானே, அவர்கிட்ட முன்னாடியே கேட்டுட்டேன், பொண்ணு வேலைக்குப் போற எண்ணத்துல இல்லைன்னுட்டார், அப்படின்னாரு."

வள்ளிக்கண்ணு மெஷினை மூடிவிட்டு எழுந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே லாரி ஆபீஸுக்குப் போனாள்.

அவள் யாரென்று சொன்னதும் ஜமாலுக்குச் சங்கடமாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க மாமு அப்படிச் சொன்னதால வேற பையனைப் போட்டுட்டேம்மா. இப்ப இடமில்லையே. ஏதாவது வந்தா சொல்றேன்."

ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி நின்றாள். சொல்றேன், சொல்றேன். இந்த வார்த்தையைத்தான் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட இடமில்லை, சரிங்க பாய். காபி கிளப்ல மாமா உட்கார்ற மேஜையில வேற யாரு ஆள் கேட்டாங்க? பேரைச் சொல்லுங்க, நானே போய்ப் பாக்கறேன்."

ஜமால் யோசித்தார். "ஸ்ரீரங்கத்துல பம்ப்செட் ஏஜென்சி வச்சிருக்கிற சௌந்தரராஜ ஐயங்கார் கேட்டாரு. இன்னும் ஆள் அமையலைன்னு நேத்துகூடச் சொன்னாரு."

"நீங்க சொல்லி வரேன்னு சொல்லிக்கலாங்களா?"

"தாராளமா சொல்லுங்க. இன்ஷா அல்லா நல்லது நடக்கும்."

உடனே ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். உத்தர வீதியில் இருந்தது ஏஜென்சி. ஐயங்கார் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல அவள் அடித்துக் கொடுத்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு பிழை இல்லை.

"கை சுத்தமா இருக்கு. ஆனா, உன்னைத் தன் பிள்ளைக்கே நிச்சயம் பண்ணியாச்சுன்னு பிச்சமுத்து சொன்னாரே?"

தனக்குக் கல்யாணம் நிச்சயமான விஷயம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு யாரோடயும் நிச்சயம் ஆகலைங்க."

"அப்படீன்னா அவரை அழைச்சுண்டு வாம்மா. அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். பெரியவா சம்மதமில்லாம உன்னை வச்சுண்டா நாளைக்கு நேக்குதான் பொல்லாப்பு."

"டைப் அடிச்சது நான்தானேங்க. அது போதாதுங்களா?"

"தப்பா எடுத்துக்காதே. லோகம் அப்படி."

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவளுக்கு உடம்பெல்லாம் காந்தியது. மாமா யாரிடமும் பேசாமலே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேசித்தான் இருந்தார். அவள் பேரைச் சொல்லி, அவளே வேண்டாமென்றதாகச் சொல்லி, வந்த இடத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் வடித்த சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். அதற்கு அவள் தினமும் "சரிங்க மாமா" என்றிருக்கிறாள். அந்த நினைப்புதான் அவளை அதிகம் எரித்தது.

மெயின்கார்டு கேட்டில் இறங்கி நேரே காபி கிளப்புக்கு நடந்தாள். "ஃபேமிலி ரூம் பின்னாடிம்மா" என்று சர்வர் வழியை மறித்தார். அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மூலை மேஜையில் நாலைந்து பேர். நடுவில் மாமா, டவராவில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நான் இவரோட அக்கா மக வள்ளிக்கண்ணு" என்றாள். "டைப் ஹையர் பாஸ் பண்ணியிருக்கேன். எனக்கு வேலை வேணும். கல்யாணம் எதுவும் நிச்சயம் ஆகலை. வேற மாதிரி இவர் சொல்லியிருந்தா அது பொய்."

பிச்சமுத்துவின் முகம் கறுத்தது. "வீட்டுக்குப் போ. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல பேசினது போதும் மாமா. இங்க என்ன பேசினீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டி சொன்னேன். பொட்டப்புள்ள ஆபீஸ் போனா ஊரு என்னைக் கேக்காதா?"

"உங்க வீட்டுல சமைக்க ஆள் வேணும்னா, அதையும் இந்த மேஜையில கேட்டிருக்கலாமே."

ஒருவர் டம்ளருக்குள் சிரித்தார். இன்னொருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஓரத்தில் இருந்த பெரியவர் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாலக்கரையில் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்த அற்புதசாமி அவர்.

"ஷார்ட்ஹேண்ட் தெரியுமா?"

"தெரியாதுங்க. கத்துக்குவேன்."

"சரி, கடைப்பக்கம் வாங்க. பார்க்கலாம்."

"என்னைக்கு வரணுங்க? யாரைக் கேக்கணும்?"

அவர் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். "திங்கக்கிழமை காலையில வாங்க. என்னையே கேளுங்க."

திங்கட்கிழமை போனாள். அன்றைக்கே உட்கார வைத்துவிட்டார். மாமா வீட்டில் அதற்குமேல் இருக்க முடியவில்லை. டோரதி டீச்சர் தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தாள். சேதி கேட்டு உப்பிலியபுரத்திலிருந்து வந்த வேலம்மாள், "நாலு பேருக்கு முன்னால என் தம்பியைத் தலைகுனிய வச்சிட்டியே" என்று அழுதாள். மகள் வாங்கி வைத்த காபியைத் தொடாமலே பஸ் ஏறினாள். பிறகு வெகுநாள் வரவில்லை. வள்ளிக்கண்ணுவின் கோபத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் பிச்சமுத்து அற்புதசாமி கடைக்கு வந்தார். எதுவுமே நடக்காததுபோல அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மருதை சும்மாதான் இருக்கான். உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வையேன்."

அவள் மெஷினிலிருந்து கையை எடுத்தாள். "வேணும்னா அவனே வந்து கேக்கட்டும் மாமா. அவனுக்காக வேற யாரும் வாயைத் திறக்க வேணாம்."

அவருக்கு உறைக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அவர் முகத்தையே பார்த்தாள். பிச்சமுத்து கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"அதுவும் சரிதான். நேர்ல வந்து கேட்டாத்தான் மரியாதை. அனுப்பி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

கூப்பிட்டு நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றிருந்தது அவளுக்கு. அதற்குள் உள்ளேயிருந்து அற்புதசாமி கடிதம் முடிந்ததா என்று கேட்டார். விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினாள். எவ்வளவு ஓங்கி அடித்தாளென்றால், வட்டமாக வரும் எழுத்துகள் விழுந்த இடமெல்லாம் தாள் ஓட்டையாகிவிட்டது. அதை உருவிக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு தாளைச் சொருகினாள்.