பதினொரு டேஸ்டி

கல்யாணச் சமையலுக்கு ஆர்டர் பிடிக்கும் முன் பெண் வீட்டாரைக் கூப்பிட்டுச் சாம்பிள் சாப்பாடு போடுவது மருதாசலத்தின் வழக்கம். காந்திபுரத்து மண்டபத்தில் அன்றைக்குப் பதினொரு பேர் மூக்குப் பிடிக்கத் தின்றார்கள். கை கழுவி வந்ததும் ஆளுக்கொரு அட்டை. அதில் இரண்டே கட்டங்கள்: டேஸ்டி, டெலிஷியஸ். ‘நன்றாக இல்லை’ என்று மூன்றாவதை அச்சடித்தால் கொங்கு நாட்டில் எவன் அதில் டிக் அடிப்பான்? மை தண்டம்.

பதினொரு அட்டையிலும் டேஸ்டி.

மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மகள் லோகப்பிரியாதான் அதில் மண்ணைப் போட்டாள்.

“டேஸ்டின்னா ருசியா இருக்குது, அவ்வளவுதானுங்கப்பா. டெலிஷியஸ்னா இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்றாப்ல. பெருசு பக்கத்துலயே இருக்கறப்ப எல்லாரும் சின்னதப் புடிச்சுருக்காங்கன்னா…”

மருதாசலம் அட்டைகளை மறுபடியும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஆவணியில் இந்த ஒரு கல்யாணத்தைத்தான் நம்பியிருந்தார். பெண்ணின் அப்பா திருமூர்த்திக்குப் போன் போட்டால், “நல்லாத்தானுங்க இருந்துச்சு” என்று இழுவையாக ஒரு பதில். இது வேலைக்காகாது என்று மறுநாள் காலையில் ஆனைமலைக்கே பஸ் ஏறிவிட்டார்.

வந்தவரைச் சாப்பிட வைக்காமல் பேச விடுவார்களா? இலை போட்டார்கள். திருமூர்த்தியின் மனைவி கோமளா தட்டப்பயிறு குழம்பை ஊற்றிவிட்டு, “எப்படிங்க இருக்குது?” என்றாள்.

உப்பு மருந்துக்குக்கூட இல்லை. சமையல்காரனுக்கு ருசியில் பொய் சொல்ல வராது. கொங்குக்காரனுக்குச் சாப்பாடு போட்ட வீட்டில் உண்மை சொல்ல வராது. பாவம், இரண்டுமாக இருந்தவர் திருதிருவென்று விழித்துவிட்டு, “டேஸ்டிங்க” என்றார்.

கோமளாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. “அப்ப டெலிஷியஸ் இல்லீங்களா?”

பக்கத்து இலையில் திருமூர்த்தி குனிந்த தலை நிமிரவில்லை.

“உப்பு மட்டும்… கொஞ்சம் கம்மிங்க.” சொல்லிவிட்டு, ஆர்டர் போச்சு என்று நினைத்துக்கொண்டார் மருதாசலம்.

கோமளா விறுவிறுவென்று உள்ளே போய் உப்புக் கிண்ணத்தோடு வந்தாள். “உங்க குழம்புல காரம் சாஸ்திங்க. எங்க பதினொரு பேருக்கும் சொல்ல வாய் வரலீங்க. நீங்க சொன்னீங்க, நானும் சொல்லிப்போட்டேன். காரத்தக் கொறச்சுப்போட்டு, கல்யாணத்துக்கு நீங்களே செஞ்சுருங்க.”

மருதாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கும்பிட்டுவிட்டு உப்பெடுக்கக் கையை நீட்டினார். கிண்ணத்தைக் காணோம். முப்பது வருஷத்துக் குழம்புக்கும் சேர்த்துத் திருமூர்த்தி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.