கல்யாண மண்டபத்து ரத்தம்

டிங்!

அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து செல்போனை எடுத்தாள் ராமாமணி. சொந்தக்காரர் யாரும் அனுப்பியதில்லை. பிரேசிலில் ஒரு விஞ்ஞானி அவளுடைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்.

சரவணம்பட்டியில் எட்டாவது மாடி ஃபிளாட். அதில் அவள் மட்டும். அந்தச் சத்தம்தான் துணை.

கட்டுரைக்கு இருபத்தைந்து வயது. பஞ்சாலைத் தூசியால் இரைப்பு வந்த தொழிலாளர்களின் ரத்தத்தையும், இரைப்பே வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டிருந்தாள். வராதவர்களிடம் மட்டும் ஒரு எதிர்ப்புசக்தி மரபணு. 'இதுதான் காவல்காரன்' என்று எழுதினாள். உலகம் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அடுத்த வாரம் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் பதவிக்கு நேர்காணல். அந்த ஒரு கட்டுரையை நம்பித்தான்.

காலிங்பெல் அடித்தது.

அப்துல் நாசர். உடுமலைப்பேட்டைக்காரன். அவளை ஓயாமல் மேற்கோள் காட்டும் இளம் விஞ்ஞானி. காபி கொடுத்தும் உட்காரவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கோணும். கோவிச்சுக்கக் கூடாதுங்க."

"கேளுங்க."

"நோய் வராதவங்கன்னு போட்டிருக்கீங்களே... அவங்கெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமாங்க?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க வெளியிட்ட மரபணு விவரத்தை மறுபடியும் அலசிப் பார்த்தேனுங்க. பாதிப் பேரு சொந்தம்னு பளிச்சுனு தெரியுது. மிச்சம் பேரைச் சொல்ல முடியலை. ரத்தம் எங்கீங்க எடுத்தீங்க?"

"கல்யாண மண்டபத்துல."

அவன் சிரித்துவிட்டான். "பந்தியிலயாங்க?"

"பந்திக்கு முன்னாடி. அவிநாசியில, என் தாய்மாமன் கல்யாணம். திடமான ஆளுக மொத்தமா வேற எங்க கிடைப்பாங்க?"

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி வந்த குடும்பம். ஒரே மரபணு எல்லாரிடமும் இருக்கத்தான் செய்யும், ஒரே மூக்கு இருப்பதுபோல. இரைப்பு வராததற்குக் காரணம் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் ஆலை வைத்திருந்தவர்கள். தூசிக்குள் நின்றவர்கள் வேறு ஆட்கள்.

"மிச்சம் பேரு வெளியாளுகளா இருந்தா கட்டுரை பொழைச்சுக்குமுங்க," என்றான் நாசர். "இல்லீன்னா, இதை வெச்சு மருந்து தேடற என்னாட்ட ஆளுக எல்லாம் சும்மா சுத்திட்டிருக்கோம். நான் யாருக்கும் எழுதலீங்க. நீங்களே விசாரிச்சு இதழுக்கு எழுதிருங்க."

அவன் போனதும் வெங்கடபதி மாமாவின் எண்ணைத் தேடினாள். அவளுக்கென்று பேசி வைத்திருந்த மாமன். படிப்புதான் முக்கியம் என்று மறுத்தாள். அவர் வேறு பெண்ணைக் கட்டினார். அந்தக் கல்யாணத்துக்கு ஊசியோடு போனாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

"ஏனுங்க, யாருங்க?"

"மாமா, ராமாமணி."

"யாராச்சும் தவறிட்டாங்களா அம்மணி?"

"இல்லீங்க மாமா. உங்க கல்யாணத்துல ரத்தம் எடுத்தேனே..."

"மறப்பனா? ஊரே மொய் வெச்சுது. நீ ரத்தத்தை உறிஞ்சிட்டுப் போனே!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. "பொண்ணு ஊட்டுக்காரங்களும் குடுத்தாங்கல்ல?"

"வரிசையா நின்னு குடுத்தாங்களே!"

கட்டுரை பிழைத்துவிட்டது!

"அவங்க நமக்குச் சொந்தமில்லதானுங்க?"

"நல்லாக் கேட்டே போ! உங்க அத்தை எனக்குச் சொந்த அத்தை மவ இல்லியா? அதையுமா மறந்துபோட்டே? நம்ம ஊட்டுல வெளிய யாரு பொண்ணெடுத்தா? அன்னிக்கு அந்த மண்டபத்துல வெளியாளுன்னா நீ ஒருத்திதான் கண்ணு!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சரி, வெச்சர்றேன். யஷ்வந்த் கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது."

"யஷ்வந்துக்குக் கல்யாணமா?"

லைன் கட்டாகியிருந்தது. மாமாவின் மகனை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். 'ஒப்பிட எடுத்தவர்கள் அனைவரும் என் உறவினர்கள். முடிவு தவறு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.' கட்டுரை வெளிவந்த இதழுக்கு அனுப்பினாள். நேர்காணலுக்கு வரவில்லை என்று இன்னொரு மெயில்.

கட்டுரையின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று விழுந்தது. இயக்குநர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். யஷ்வந்தின் கல்யாணப் பத்திரிகை வரவில்லை. அதற்குள் முகூர்த்த மாதமும் முடிந்துவிட்டது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

டிங்!

கை கழுவாமல் ஓடினாள்.

அவிநாசி இல்லை. பின்லாந்து. யாரோ சிவப்பு எழுத்தைக்கூடப் பார்க்காமல் மேற்கோள் காட்டியிருந்தார்.

அவருக்கு எழுதித் திருத்த வேண்டும். சோறு காய்ந்துபோன கையோடு, அவர் எழுதியிருந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'இந்த ஆரோக்கியமான தன்னார்வலர்கள்' என்றிருந்தது. மாமா, அத்தை, சித்தி எல்லாரும் அதற்குள் இருந்தார்கள்.