சூப்பில் ஊற்றிய ஒயின்

"கிளாஸ்ல குடுத்தா குடிக்க மாட்டீங்களா? ஒரே ஒரு மடக்குப்பா!"

மொரேனா கிளாஸை உதட்டருகே கொண்டுபோனாள். அப்பா லியார்கோ வாயை இறுக மூடிக்கொண்டார். காலையில் வந்த டாக்டர் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். இனி எதைக் கேட்டாலும் கொடுக்கலாமாம். அவர் கேட்டது கோழி சூப், அதில் சிவப்பு ஒயின் ஊற்றி.

இத்தாலியில் அவர்களுடைய மாந்துவாப் பக்கத்துக் கிழவர்கள் எல்லாரும் அப்படித்தான். சூப் கிண்ணத்தில் ஒயினைக் கவிழ்த்து, நின்றபடியே தூக்கிக் குடிப்பார்கள். அதற்கு அப்பா செய்வது மாதிரி நுரைக்கிற மலிவு ஒயின் போதும். மொரேனா செய்ததோ இரண்டு வருடம் மரப் பீப்பாயில் கிடந்தது. மிலானில் அதை முகர்ந்து பார்த்த ஒயின் விமர்சகர்கள் மானிறைச்சியோடு குடிக்கலாம், பழைய சீஸோடு குடிக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அப்பா மட்டும் அதை வாயில் வைக்கவுமில்லை, நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. அந்த வார்த்தை அவளுக்கு இன்றைக்கே வேண்டும்.

"சூப்புல ஊத்து. அப்புறம் சொல்றேன்." குரல் வெறும் காற்றாக வந்தது.

"இதையா? உங்க ஒயினை ஊத்தித் தரேன், குடிங்க."

"அது எனக்குத் தெரியும். ஒன்னோடதுதான் தெரியாது."

கட்டிலின் காலடியில் நின்ற அண்ணன் இவானோ சிரித்துவிட்டான். "ஊத்தித் தொலையேன். போற மனுஷன்கிட்டயும் வீம்பா?"

"நீ சும்மா இரு. உனக்குக் கோலாவே போதும்."

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரத்திலுமா பிடிவாதம்!  கடைசியில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சூப் சூடாக நேரமெடுத்தது. கோபத்தில் ஊற்றியதில் மேடையெல்லாம் ஒயின் சிந்தியது. சூப் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. பார்க்கவே சகிக்கவில்லை.

"மொரேனா," என்று இவானோ கூப்பிட்டான். குரலில் கேலி இல்லை.

கிண்ணத்தோடு ஓடினாள். அப்பாவின் முகம் சுவர்ப்பக்கமே இருந்தது. உயிர் போக வழிவிடும் வழக்கப்படி இவானோ ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தான்.

"முதல்லயே ஊத்தியிருக்கலாம்," என்றாள். இவானோ பாதிரியாருக்குப் போன் செய்ய வெளியே போனான்.

கிண்ணத்தை வைக்க இடமில்லை. மேசை முழுக்க மருந்து. சமையலறைக்குத் திரும்பி, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். ஆறியிருந்தது. இரண்டு வருடமாக அவள் போக்கப் பார்த்த துவர்ப்பு கோழிக் கொழுப்பில் காணாமல் போயிருந்தது. நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்ன குடிக்கிற?" என்று கதவருகே வந்து கேட்டான் இவானோ.

"சூப்பு."

பாட்டிலைச் சாய்த்து, கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.