அப்பாவுக்கு இரண்டு திவசம்

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதல் வருடத் திவசத்துக்கு, தான் இருக்க மாட்டேன் என்று தம்பி மகேசன் சொன்னபோது, அம்மா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. வெட்டி முடித்து, தண்ணீரில் போட்டு, கத்தியைக் கழுவி வைத்த பிறகுதான் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி?"

"நான் இப்ப அதை நம்பிறேல்லை அம்மா."

"உன்னை நம்பச் சொல்லிக் கேக்கேல்லை. செய்யச் சொல்லித்தான் கேக்கிறன். நீ வெளிக்கிட முந்தி, ஒருக்கால் அவருக்கு எள்ளும் தண்ணியும் இறைச்சுப்போட்டுப் போ. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா அடுப்பை மூட்டினாள். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் பத்தொன்பது வயது, ஆறடி உயரம். எட்டாது.

யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை ஆக்லாந்து மனுரேவாவில் மோர்மன் கிறிஸ்தவன் ஆகி, அந்தச் சபைக்கு ஊழியம் செய்யப் பிலிப்பைன்சுக்குப் புறப்படுகிறான் என்று சொன்னால் யாரும் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். ஊரில் அவன் வயதுப் பெடியன்கள் ஒவ்வொருவராக இயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், இவனையும் யாரும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் அப்பா காணியை விற்று எண்பத்து நான்கில் எங்களை ஆக்லாந்துக்குக் கொண்டுவந்தார். வந்து முதல் குளிர்காலம் முடியவில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையுமாக இரண்டு பெடியன்கள் வந்து கதவைத் தட்டினார்கள்.

ஒருவன் அமெரிக்கன், ஒருவன் தொங்காக்காரன். அம்மாவுக்கு அவர்களுடைய வேதம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். அந்தச் சபையில் ஆண்பிள்ளைகள் பத்தொன்பது வயதானால் வீட்டை விட்டு இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போக வேண்டும். எந்த நாடு என்று அமெரிக்காவில் இருக்கும் தலைமை சொல்லும். இடையில் வீட்டுக்கு வரக் கூடாது. நத்தார்ப் பண்டிகைக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் டெலிபோன் எடுக்கலாம்.

"பெத்தவள் எப்பிடி விட்டாள்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் புட்டு அவித்தாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். தேத்தண்ணீர் தங்களுக்குத் தடை என்றார்கள். மைலோ கரைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு புதன்கிழமையும் வந்தார்கள், புல் வெட்டித் தந்தார்கள், புட்டுத் தின்றார்கள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கள் பிள்ளை தானே வளர்ந்து, டையும் கட்டிக்கொண்டான்.

அவன் ஞானஸ்நானம் எடுக்கப் போகிறேன் என்றபோது அப்பா தடுக்கவில்லை. அப்பா வாழ்க்கையில் யாரையும் எதற்கும் தடுத்தவர் இல்லை. "குடி இல்லை, சிகரெட் இல்லை, தேத்தண்ணிகூட இல்லை. இந்த வயசுப் பெடியனுக்கு இதைவிட என்ன வேணும்? நல்ல கூட்டுத்தானே," என்றார். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை அது. பிள்ளை குடிக்காமல் இருந்தால் போதும், யாரைக் கும்பிடுகிறான் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது.

எண்பத்தாறு ஆவணியில், பெட்டித் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம், கதிரையில் இருந்தபடியே அப்பா போய்விட்டார். கொள்ளி வைக்க இங்கே சுடலை ஏது? மயான மண்டபத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மகேசன்தான் அழுத்தினான். அன்றைக்கு அவன் ஒன்றும் மறுக்கவில்லை. அதன் பிறகு ஒரு வருடத்தில்தான் பக்தி முற்றியது. புது விளக்குமாறு நன்றாகக் கூட்டும் அல்லவா? அப்பா போன வெறுமையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் வைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வருடம் முழுக்க எனக்கு எதுவும் தோன்றவில்லை. திரீ கிங்ஸில் ஒரு கடையில் நாள் முழுக்கச் சனங்களின் காலுக்குச் சப்பாத்து மாட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். படுத்தேன்.

அம்மாவும் அப்படித்தான். களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினாள், வந்து சமைத்தாள், அழவில்லை. அவள் மனத்தில் இருந்தது ஆட்டைத் திவசம் ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் அப்பா போய்ச் சேருவார். மகன் கையால் செய்ய வேண்டும்.

ஊழியத்துக்கு அழைப்பு வந்த அன்று மகேசன் சந்தோசமாக ஒன்று சொன்னான். அங்கே முதற்பெயர் இல்லையாம், குடும்பப் பெயர்தானாம். எங்களுக்கு இந்த நாட்டில் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். ஆகவே அவன் நெஞ்சில் குத்தப்போகும் பட்டையில், ஊழியக்காரருக்கு வைக்கும் பட்டத்தோடு, 'எல்டர் இராசநாயகம்' என்று இருக்கும். அம்மா வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர்.

"தகப்பனுக்குத் திவசம் செய்யமாட்டாராம். அவரின்ரை பேர் மட்டும் வேணுமாம்," என்று அம்மா சட்டிக்குச் சொன்னாள்.

நான் அவர்களுடைய பிஷப்பிடம் போனேன். பிஷப் என்றதும் அங்கி போட்ட ஆள் என்று நினைக்க வேண்டாம். கிழமை நாட்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவாக்காரர். என் கோபத்தை எல்லாம் ஆறுதலாகக் கேட்டார். "அது அவனுடைய தகப்பன். தாய்க்காகப் போய் இருக்கட்டும். நான் தடுக்க மாட்டேன் என்று சொல்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வந்து மகேசனிடம் சொன்னேன். "பிஷப்புக்குப் பரவாயில்லை. எனக்குப் பரவாயில்லை எண்டு இல்லை அக்கா," என்றான். பூசாரி வரம் கொடுத்தும் சாமி வரம் கொடுக்கவில்லை.

திதிப்படி திவசம் இங்கிலீஷ் திகதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முந்தி வந்தது. எங்கள் ஊர் ஐயர் இந்த நாட்டில் இல்லை. பாபகூராவில் இருந்து தேவ் நாராயண் வந்தார். பீஜித் தமிழர். கார் ஒடுக்கு எடுப்பது தொழில், மந்திரம் தகப்பனிடம் படித்தது. நகத்தில் பெயின்ட் போகாமல் இருந்தது. மகேசன் விடியவே அந்த வெள்ளைச் சட்டைக்காரர்களோடு கதவு தட்டப் போய்விட்டான்.

"பையன் எங்கம்மா?" என்று கேட்டார் தேவ் நாராயண்.

"இல்லை," என்றாள் அம்மா.

"நான் செய்யிறன்," என்றேன் நான். குளித்து, ஈரத் தலையோடு ஆயத்தமாகத்தான் நின்றேன். "நானும் அவரின்ரை பிள்ளைதானே."

தேவ் நாராயண் சங்கடப்பட்டு அம்மாவைப் பார்த்தார். "வழக்கம் இல்லைதான். ஆனா இங்க ஆள் இல்லாத ஊரு. அம்மா சரின்னா நான் பண்ணி வைக்கிறேன்."

"வேண்டாம்," என்றாள் அம்மா உடனே. "பொம்பிளைப் பிள்ளை கையாலை வேண்டாம். நீ குசினியிலை சோத்தைப் பார், பிள்ளை."

அம்மா தர்ப்பையை தேவ் நாராயணின் கையில் கொடுத்தாள். மகனுக்குப் பதிலாக அவரே இருந்து, அப்பாவை ஒருநாளும் கண்டிராத அந்த மனிதர், அப்பாவுக்குப் பிண்டம் வைத்தார். நான் குசினியில் சோற்றைப் பார்த்தேன். சோறு என்னைப் பார்த்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

பின்னேரம் மகேசன் பசியோடு வந்தான். படையலில் மிஞ்சிய கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அதற்கு ஒரு கொள்கையும் குறுக்கே நிற்கவில்லை. அம்மா பரிமாறினாள்.

அவன் புறப்பட வேண்டிய நாள் வந்தது. முதலில் ஹாமில்டனில் சில கிழமை பயிற்சி, அங்கிருந்து மணிலா. பிஷப் காரில் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். காலைச் சாப்பாடு முடிந்து, முன்னறையில் மூன்று பேரும் இருந்தோம். சூட்கேஸ் திறந்து கிடந்தது. அம்மா வெள்ளைச் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்க முழுக்க ஒரே மாதிரிச் சட்டைகள்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும்," என்றான் மகேசன். "நான் சனிக்கிழமை ஹாமில்டனுக்குப் போனதெல்லோ. எங்கடை ஆலயத்துக்கு. அப்பாவுக்காகத்தான் போனனான்."

அம்மா நிமிர்ந்தாள்.

"செத்தவைக்காக உயிரோடை இருக்கிறவை ஞானஸ்நானம் எடுக்கலாம். செத்து ஒரு வருசம் முடியவேணும். முடிஞ்ச உடனை போனன். அப்பாவின்ரை பேரைச் சொல்லி என்னைத் தண்ணிக்குள்ளை தாட்டு எடுத்தவை. நான் அப்பாவுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு நீங்கள் நினைக்கக் கூடாது."

எனக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக உடம்பில் இரத்தம் ஓடியது. எழும்பிவிட்டேன். "செத்த மனுசனிட்டைக் கேட்டனியோ? திருநீறு பூசாமல் ஒருநாள் வேலைக்குப் போகாத மனுசனை, ஆரைக் கேட்டு மோர்மன் ஆக்கினனீ?"

"அப்பிடி இல்லை அக்கா. நாங்கள் வாசலைத் திறந்துதான் விடுறம். அங்கை அவர் ஏற்கலாம். விருப்பம் இல்லாட்டில் வேண்டாம் எண்டு சொல்லலாம்."

"அப்பா எப்பயடா வேண்டாம் எண்டு சொன்னவர்?"

வந்த வேகத்திலேயே கோபம் வடிந்து போனது. திரும்பக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அம்மா கோபிக்கவில்லை. "தண்ணி குளிராய் இருந்ததோ?"

"இல்லை அம்மா. சூடாக்கி வச்சிருக்கினம்."

"நல்லது. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது."

பிறகு இன்னும் இரண்டு சட்டைகளை மடித்தாள். அவளுடைய முகத்தில் ஏதோ கணக்கு ஓடியது எனக்குத் தெரிந்தது.

"தம்பி, உன்ரை ரெண்டு வருசத்துக்குள்ளை நான் செத்தால் வருவியோ?"

"அப்பிடிக் கதையாதேங்கோ அம்மா."

"கேட்டதுக்குச் சொல்லு."

அவன் விரல்களை நெட்டி முறித்தான். "கனபேர் வாறேல்லை. நிண்டு ஊழியத்தை முடிக்கிறதுதான் நல்லதெண்டு சொல்லுவினம்."

"சரி, வரவேண்டாம். எரிக்கிறதை ஆரும் எரிப்பினம்." அம்மா மடித்த சட்டையைத் தடவினாள். "நீ ஒரு வருசம் பொறுத்து, அப்பாவுக்குச் செய்த மாதிரி, எனக்கும் அந்தத் தண்ணிக்குள்ளை இறங்கு. எள்ளும் வேண்டாம், பிண்டமும் வேண்டாம். நீ என்ன நம்பிறியோ அதைச் செய். என்ரை பிள்ளை எனக்கு ஏதோ செய்தான் எண்டு இருந்தால் போதும்."

தைப்பூசத்துக்குத் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருக்கிறவள் இதைச் சொன்னாள். அந்தப் பெடியன்கள் மூன்று வருடம் புட்டுத் தின்று பேசியும் அசைக்க முடியாதவள். மகேசனுக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். அவன் முகம் வெளிறிப்போனது.

"அது என்னாலை ஏலாது அம்மா."

"ஏன்?"

"ஆம்பிளைக்கு ஆம்பிளைதான் இறங்கலாம். பொம்பிளைக்கு ஒரு பொம்பிளைதான் இறங்கவேணும். அதுதான் முறை." பிறகு மெதுவாக, "அக்கா எங்கடை சபைக்கு வந்தால், அக்கா செய்யலாம்," என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளையும் அன்றைக்குத்தான் எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒருத்தரும் இல்லை," என்றாள்.

சலித்துச் சொல்லவில்லை. கடையில் பால் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். மகேசன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். அப்பாவின் செத்தவீட்டில்கூட அழாதவன். எனக்கு அவனில் பரிதாபமாக இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. அம்மாவின் கண் காய்ந்தே இருந்தது.

"நான் இருக்கிறன் அம்மா," என்றேன். "எள்ளும் தண்ணியும் நான் இறைப்பன். பிண்டமும் நானே வைப்பன். ஆர் வந்து மறிக்கினம் எண்டு பாப்பம்."

வெளியே கார் வந்து நின்றது. பிஷப் ஹோர்ன் அடிக்கவில்லை, மரியாதைக்காரர். அம்மா கடைசிச் சட்டையை வைத்து சூட்கேஸை மூடினாள்.

"ஆர் மறிக்கப் போகினம், பிள்ளை?" என்றாள். "அண்டைக்குத் திவசம் செய்யவந்த மனுசன் ஓம் எண்டுதானே சொன்னவர். உன்னைக் குசினிக்கு அனுப்பினது நான்தானே."