அரைத் திருப்பு

ராமாயி பெரியம்மா மூன்றாவது ஒப்பாரியை எடுத்த நேரத்தில், வெளியே டாக்டரின் மோட்டார் சைக்கிள் தும்மியது. உதைத்தால் கிளம்பும், நாலு துடிப்பு துடிக்கும், 'டுப்'பென்று தும்மி அணைந்துவிடும்.

கணவனின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த செல்லாயி, அழுகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒரு பெண்டாட்டி அந்த நேரத்தில் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் நாலு வருசப் பழக்கம், புருசன் செத்த அன்றைக்கு மட்டும் லீவு போடுமா?

செங்கோடன் சங்ககிரியில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். யுத்தம் வந்து, பெட்ரோலுக்கு ரேஷனும் ரேஷனுக்குள் மண்ணெண்ணெயும் சேர்ந்த பிறகு, சீமை வண்டிகளெல்லாம் பேதி கண்டவன் மாதிரி ஊர் ஊருக்கு நின்றன. அவர் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, எண்ணெய் பாய்கிற தேய்ந்த ஜெட்டைப் பித்தளையால் அடைத்து, கலப்பட எண்ணெய்க்குத் தக்கபடி புதுத் துளை போடுவார். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, திருப்புளிப் பிடியில் காதை வைத்துக் காற்றுத் திருகை மயிரிழை திருப்புவார். வண்டி பூனைக்குட்டி ஆகிவிடும். சூரமங்கலத்து ரயில்வே துரைகள்கூட அவரிடம்தான் வந்தார்கள். பாம்புச்செவி செங்கோடன் என்று பேர்.

அந்தச் செவி இரண்டும் நாலு வருசத்துக்கு முன்பே போய்விட்டன. அது தங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவரும், செல்லாயியும், கூடவே வேலை பார்த்த அவர் தம்பி நாச்சிமுத்துவும் நம்பியிருந்தார்கள். செல்லாயி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் கம்பு புடைக்கிற மாதிரி முறத்தோடு நிற்பாள். முறத்தைத் தன் பக்கம் தட்டினால் திருகு உள்ளே. எதிர்ப்பக்கம் தட்டினால் வெளியே. செங்கோடன் திருப்புளியில் காதை வைத்துக் கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். முழுசாக மூடினால் முறம் தெரியாது. வாடிக்கைக்காரர்கள் மெய்மறந்து பார்ப்பார்கள். நாலு வருசமாக அவள் அதே ஒரு படிக் கம்பைத்தான் புடைத்தாள் என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் செங்கோடன் டாக்டர் வண்டிக்குப் புது ஜெட் மாட்டினார். காது வேலை காலையில் ஆகட்டும் என்று படுத்தவர், விடிகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

பாடை கட்டுகிற இடத்தில் வண்டி நின்றது. தள்ளி நிறுத்தியிருந்தால் போதும். பஸ் கம்பெனி மெக்கானிக் மணியனுக்கு மட்டும் உதைத்துப் பார்க்கத் தோன்றியது.

"பாவமுங்க டாக்டரே, கடைசில கை தளந்து போச்சாட்ட இருக்குது. நாயி தும்மறாப்பல தும்முது பாருங்க. எங்க செட்டுக்கு அனுப்பிடுங்க, நான் பாத்துத் தாறனுங்க."

இழவு வீட்டுக்குத் தக்க தாழ்ந்த குரலில்தான் சொன்னான். பந்தலில் நாற்பது பேர் உச்சுக் கொட்டினார்கள்.

செல்லாயிக்குத் துக்கத்தைவிட ஆத்திரம் முந்திக்கொண்டு வந்தது. எழுந்து போய்த் தானே சொன்னால் வண்டி சரியாகும். அந்தக் காது யாருடையது என்று பந்தலுக்கே தெரிந்துவிடும். போகாவிட்டால், பாம்புச்செவியின் கடைசி வேலை கோளாறு என்று சங்ககிரி பேசும். எந்தப் பக்கம் போனாலும் அவர் பேருக்குத்தான் கேடு. அந்தப் பேரைத் தவிர அவர் வேறெதையும் சேர்த்து வைத்ததில்லை.

"நாச்சிமுத்து, நீ சித்தெ பாரப்பா" என்றார் டாக்டர்.

கொள்ளி வைக்க வேண்டிய நாச்சிமுத்து, மழித்த தலையும் ஈரவேட்டியுமாகத் திருப்புளியோடு குத்தவைத்தான். அவனுக்குக் கை தங்கம். காதுதான், நாதசுரத்தையும் மாவு மிசினையும் பிரித்தறியாது. பழக்கதோசத்தில் வாசற்படியைப் பார்த்தான். அங்கே யாருமில்லை.

உள்ளே செல்லாயி, பெரியம்மாவின் பாட்டைப் பாதியில் வெட்டிக் குரலெடுத்தாள்.

"அவசரமே பட மாட்டீர் – எஞ்சாமி
சூடேற விடுவீரே..."

நாச்சிமுத்துவின் முதுகு நிமிர்ந்தது. வண்டியை உதைத்து, அணையாமல் முறுக்கிப் பிடித்து, எஞ்சினைச் சூடேற விட்டான்.

"அரைத் திருப்பு உள்ள வெச்சா – எஞ்சாமி
ஆறாதோ தும்மலுந்தான்..."

ஒருத்தி பாடினால் மற்றவர்கள் வாங்கிப் பாடுவது ஒப்பாரி முறை. பதினைந்து பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு, "அரைத் திருப்பு உள்ள வெச்சா" என்று வாங்கினார்கள். நாச்சிமுத்து வைத்தான். தும்மல் நின்றது. ஆனால் சத்தம் களி தின்ற வயிறு மாதிரி கனத்து, புகை கறுத்தது. செல்லாயி மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"கால் திருப்பு கூடிப் போச்சே – எஞ்சாமி
வெளியாலே வாங்கலையோ..."

"கால் திருப்பு கூடிப் போச்சே" என்று பெண்கள் கதறினார்கள். ஒருத்திக்கு மயக்கமே வந்துவிட்டது. திருகு ஒரு நகக்கண் அளவு வெளியே வந்தது. எஞ்சின் இறங்கியது, நிதானித்தது, ஒவ்வொரு துடிப்பையும் விரல் விட்டு எண்ணலாம் போல நின்று பேசியது.

செல்லாயி அடுத்த வரிக்கு வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. விடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை முழுதும் அப்போதுதான் வந்தது.

ராமாயி பெரியம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே காதோரம் குனிந்தாள். பத்து ஊருக்கு ஒப்பாரி சொல்கிறவள். தெரியாத பாட்டு என்றால் பொறுக்காது. "ஏஞ்சாமி, இந்தத் திருப்புப் பாட்டெல்லாம் உங்க பொறந்த ஊட்டுப் பக்கத்து வழக்கமா?"

"ஆமாங்க பெரியம்மா."

வெளியே மணியன் துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் அழுக்கே இல்லை. "வேல சுத்தமாத்தானுங்க இருக்குது" என்றான்.

பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத செங்கோடனை நாலு வருசமாகப் பார்த்தவர் டாக்டர்.

"இந்த ஊட்டுக் காதுக்கு நீயும் நானும் ஈடு குடுக்க முடியாது, மணியா" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னார். "பாடைக்கு முன்னால என் வண்டி போகட்டும். நானே ஓட்டிட்டு வாரேன்."

அடித்துக்கொண்டு பறக்க எந்த வண்டியாலும் முடியும். பாடை தூக்கியவர்களின் நடைக்குச் சமமாக, அணையாமல் ஊர்ந்து போவதுதான் கார்ப்பரேட்டருக்குப் பரீட்சை. பறைக்கு முன்னால் வண்டி அப்படித்தான் போனது. ஜனங்கள் கடைகளிலிருந்து இறங்கி நின்று பார்த்தார்கள்.

பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். ஊர்வலம் பவானி ரோட்டு மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தது. மேட்டில் ஒரு துடிப்பாவது தவறும் என்று செல்லாயி எதிர்பார்த்தாள். தவறவில்லை.

"வா சாமி, தலைக்குத் தண்ணி வாத்துக்கலாம்" என்று பெரியம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"சித்தெ இருங்க பெரியம்மா. இன்னும் கேக்குது."

பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்குப் பறைச் சத்தமே கேட்கவில்லை.