பதினோரு விநாடி

அலுவலகத்தில் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது, இன்னும் புதுசுதான். பழைய நீதிமன்றத் தீர்ப்புகளை இயந்திரம் படித்துக் கக்கியதில் பிழை திருத்தும் வேலை. பழையவர்களுக்கு இலக்கு கிடையாது. புதுசுக்கு உண்டு: நாளைக்கு இருநூற்றுப் பதினைந்து கோப்பு. கடைசி வாரத்திலாவது அதைத் தொட்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு வீடு. அவளோ தலைகீழாக நின்றாலும் இருநூறைத் தாண்டவில்லை.

காரணம் எடிட்டர், அதாவது பிழை திருத்தும் மென்பொருள். கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் தெரியும் அந்தக் காலத்து எடிட்டர். ஒவ்வொரு கோப்புக்கும் அதைப் புதிதாகத் திறக்க வேண்டும். என்டரைத் தட்டினால் திரை செத்ததுபோல் கிடக்கும், பதினோரு விநாடி. பக்கத்து இருக்கை அக்கா அந்த இடைவெளிகளிலேயே ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்திருந்தாள். நிரந்தரமானவர்களுக்கு என்ன கவலை?

பொறுக்க முடியாமல் போனால் 'டாக்டரை'க் கூப்பிடுவார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த டாக்டர் அவளுடைய சித்தப்பா. அப்பா போனபின் அவளைப் படிக்கவைத்தவர், இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவர். வருவார், எதையோ தட்டுவார், "இப்ப பாருங்க" என்பார். இரண்டு தடவை சட்டென்று திறக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் அவளே உட்கார்ந்துவிட்டாள். திறக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று எடிட்டருக்கு வரிவரியாகச் சொல்லும் அமைப்புக் கோப்பு ஒன்று உண்டு; அது இல்லாமல் எடிட்டரைத் திறந்தாள். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. ஆக, கோளாறு அந்த அமைப்புக் கோப்பின் முந்நூறு வரியில் எங்கோ இருக்கிறது. ஒரு நகலெடுத்து, பாதி வரிகளை முடக்கிப் பார்த்தாள். பிறகு பாதியில் பாதி. புதன்கிழமை ஒரே ஒரு வரி மிஞ்சியது. ஒரு பழைய கணினியிலிருந்து சொற்பட்டியலை எடுத்து வரச் சொல்லும் வரி. அந்தக் கணினி பழைய இரும்புக்குப் போய் மூன்று வருடமாகிறது. ஆளில்லாத வீட்டுக் கதவைப் பத்து விநாடிக்குமேல் தட்டிவிட்டுத்தான் எடிட்டர் திறந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

தன் நகலை வைத்துத் திருத்தினால் எண்ணிக்கையில் ஏறாது. எல்லோருக்கும் பொதுவான கோப்பை மாற்ற வேண்டும், அதற்கான கடவுச்சொல் சித்தப்பாவிடம்தான் இருந்தது. ஓடினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தெரியும்மா. மூணு வருஷமா தெரியும்."

விசைப்பலகையைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார். அந்த வருடம்தான் அவருடைய பிரிவில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரை மட்டும் வைத்துக்கொண்டது, மெதுவு மெதுவு என்று தினமும் நாலு பேர் கூப்பிடுவதால். அது நின்றுவிட்டால் அவர் எதற்கு? ஐம்பத்தாறு வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? சித்திக்கு இதெல்லாம் தெரியாது.

"நீ சொன்னா இப்பவே எடுத்துடறேன். எடுக்கவா?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அதட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். இந்த மனிதர் அனுமதி கேட்கிறார். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவருடைய சட்டைக் காலரின் நைந்த ஓரத்தைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

"வேணாம் சித்தப்பா."

வியாழக்கிழமை இருநூற்று மூன்று. வெள்ளிக்கிழமை, தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல், இருநூற்று ஆறு. விரல்கள் எவ்வளவு பறந்தாலும் அந்தப் பதினோரு விநாடியில் அவற்றுக்கு வேலையில்லை.

மாலையில் மேலாளர் கூப்பிட்டார். சிபாரிசு செய்தவர் என்பதால் சித்தப்பாவையும் வரச் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஒன்பது கோப்புதானே குறைவு, இயந்திரம் மெதுவு என்று எல்லோரும் பொதுவாகப் புலம்புகிறார்கள், இன்னதுதான் கோளாறு என்று குறிப்பாக ஏதாவது சொன்னால் இன்னும் ஒரு மாதம் வாங்கித் தருகிறேன் என்றார்.

சித்தப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பார் என்று அவள் காத்திருந்தாள். எண்ணிப் பழகிய மனசு தானாகவே எண்ணியது. பதினொன்றும் தாண்டிவிட்டது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள். "என் கைதான் மெதுவு."